இருபத்துநாலு வளையலும் உடையவில்லை

சீதாலட்சுமி முந்தானை முடிச்சை மேஜைமேல் அவிழ்த்தாள். உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல்கள் இருந்தன. சிவப்பு நூலில் கோத்து, சுருக்கு முடிச்சுப் போட்டு, ஒரே சரமாக. சாந்தகுமாரி அவற்றைத் தொடாமல் எண்ணினாள். இருபத்துநான்கு.

அல்சூர் ஏரிக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் சாந்தகுமாரியின் துப்பறியும் அலுவலகம். பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளைச் சரிபார்த்தவள் அவள். செத்ததாகச் சொன்னவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறாள், ஊருக்குப் போனதாகச் சொன்னவர்களைக் கிணற்றிலும் பார்த்திருக்கிறாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

சீதாலட்சுமி தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஒரே மகள் தாரணி, இருபத்துநான்கு வயது. மூன்று வருடத்துக்கு முன் தன் சொந்த அண்ணன் மகன் ராஜேஷ்குமாருக்கே கட்டிக்கொடுத்திருந்தாள். அவன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். நாற்பது நாளைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது தாரணி காணாமல் போனாள். இந்த வளையல் சரம் கதவில் தொங்கியது. வயது வந்த பெண், தானாகப் போயிருக்கிறாள் என்று போலீசில் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

“உசுரோட இருக்காளா இல்லையா. அத மட்டும் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கல” என்றாள் சீதாலட்சுமி.

அழவில்லை. அழுது முடித்தவள்போல் இருந்தாள்.

போகும்போது, பையிலிருந்து புதிதாக ஒரு போனை எடுத்து சாந்தகுமாரியின் உதவியாளன் கிளெமென்டிடம் நீட்டினாள். தெரியாத ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று இதில் தெரியும்படி செய்ய முடியுமா என்று கேட்டாள். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த கிளெமென்டுக்கு வாய் எவ்வளவு நீளமோ மனசும் அவ்வளவு இளகியது. தன் போனிலிருந்து இருக்கும் இடத்தை அவளுக்கு அனுப்பிவிட்டு, இந்தப் புள்ளிதான் நாங்க, நகர்ந்தா நாங்க நகர்றோம்னு அர்த்தம் என்று காட்டிக்கொடுத்தான்.

அவள் போனபின் சாந்தகுமாரி சரத்தைக் கையில் எடுத்தாள்.

“இதுல இன்னா தப்புன்னு சொல்லு, கிளெமென்ட்.”

“கலர் தப்பு மேடம். நானா இருந்தா மெரூன் எடுத்திருப்பேன்.”

“ஒண்ணுகூட உடையல.”

கிளெமென்ட் குனிந்து பார்த்தான். ஒரு வளையலுக்குள் தன் விரல்களைக் குவித்து நுழைக்கப் பார்த்தான். நான்கு விரலுக்கு மேல் போகவில்லை.

*

அல்சூர் மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருந்த லட்சுமம்மா, சரத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“இது ரெண்டு இஞ்சு அளவு. பத்து வயசுப் பொண்ணுக்குப் போடறது. பெரிய பொம்பளைக்கா போட்டாங்க?” என்றாள்.

அதே அளவில் இரண்டு வளையல் வாங்கி, சாந்தகுமாரி தன் கையில் போடச் சொன்னாள். லட்சுமம்மா எண்ணெய் தடவி, முட்டியை அமுக்கி, விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கினாள். இரண்டுமே உடைந்தன. மூன்றாவதும் உடைந்தது. நான்காவது வளையல்தான் உள்ளே போனது. இப்போது நீங்களே கழற்றுங்கள் என்றாள். சாந்தகுமாரி இழுத்தாள். முட்டியில் வந்து நின்றது. மேலும் இழுத்தபோது பட்டென்று உடைந்து, கட்டை விரலடியில் ரத்தம் துளிர்த்தது.

“நோடம்மா, பாரு, தன் கையில இருக்கறதத் தானே கழட்டறது ஆவாத வேலை. நீ இழுத்தா உன் கை விறைக்கும். எலும்பு முன்னாடி வந்து நிக்கும். இன்னொருத்தர் போடும்போதும் நாங்க இதத்தான் சொல்லுவோம். கைய விட்டுடு, செத்த கை மாதிரி விட்டுடுன்னு. அப்பதான் ஏறும், அப்பதான் எறங்கும்.”

“இருபத்துநாலும் உடையாம எறங்கணும்னா?”

லட்சுமம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிளெமென்ட் பக்கத்து வண்டியில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

சாந்தகுமாரி சொல்லவேண்டியதை மெதுவாகவே சொன்னாள். தாரணி தன் வளையலைத் தானே கழற்றவில்லை. இன்னொருவர் கழற்றியிருக்கிறார். கழற்றும்போது அந்தக் கை கொஞ்சம்கூட எதிர்க்கவில்லை.

“இன்னொண்ணும் இருக்கு” என்று லட்சுமம்மா நூலைத் தொட்டாள். நுனியை இடது கையால் சுண்டினாள். முடிச்சு முழுதாக அவிழ்ந்து வந்தது. “இது கடைக்காரங்க முடிச்சில்ல. எங்களுக்கு அட்டைப் பெட்டியில வருது, நூலே கிடையாது. முன்னெல்லாம் தோள்ல சரம் சரமா போட்டுக்கிட்டு ஊர் ஊரா, வீடு வீடா வருவாங்களே, அவங்க போடற முடிச்சு. ஒரு கை பொம்பள கையப் புடிச்சிருக்கும். விட்டா நழுவிடும். அதனால இன்னொரு கையால மட்டுமே அவுக்கணும், கட்டணும்.”

ஹோசூர் ரோட்டில் ஸ்கூட்டர் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியபின்தான் கிளெமென்ட் வாயைத் திறந்தான்.

“மேடம், கொன்னுட்டு வளையலக் கழட்டறவன் எதுக்குக் கோத்து வைக்கணும்?”

“கை பழக்கம். கடைய மூடிட்டுப் போற கசாப்புக்காரன் கத்தியத் தொடச்சு வைக்கறாப்பல.”

“காலைல இட்லி சாப்பிட்டது தப்பு” என்றான் கிளெமென்ட்.

*

பொம்மசந்திராவில் தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒரு நீளத் தாழ்வாரம், இருபுறமும் எட்டு எட்டுக் கதவுகள், கோடியில் ஒரே தண்ணீர்க் குழாய். ஆறாவது கதவில் ராஜேஷ்குமார் நின்றிருந்தான். ஒல்லியானவன், சுத்தமாகச் சவரம் செய்திருந்தான். வாங்க மேடம், வாங்கண்ணா என்று உட்காரவைத்தான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அதைச் சாந்தகுமாரி பார்த்தாள். பார்த்ததை மனதில் ஒரு ஓரமாக வைத்தாள்.

அவன் சொன்னது ஏற்கெனவே கேட்டதுதான். எட்டு மணிக்கு வந்து படுத்தான். கதவு திறந்திருந்தது. தாரணி தாழ்வாரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை அவள் வளையல் சத்தம் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் நின்றதும் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து பார்த்தால் ஆள் இல்லை.

“தூங்கும்போது எப்படிங்க கேட்டுது?” என்றாள் சாந்தகுமாரி.

“பழகிடுச்சு மேடம். அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்குத் தூக்கமே வரும்” என்றான். மெல்லிய குரல். “கை நெறைய நான்தான் போடச் சொல்லியிருந்தேன். இந்தக் கைக்கு ஒரு டஜன், அந்தக் கைக்கு ஒரு டஜன். கழட்ட முடியாதபடி.”

வெளியே வரும்போது கிளெமென்ட் கதவோரம் கொஞ்சம் நின்றான். பிறகு அவள் காதோரம் சொன்னான்.

“உள்பக்கத் தாழ்ப்பாள் துரு புடிச்சு அசையல. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் புதுசு, எண்ணெய் போட்டுகீது. வெளியேர்ந்து திருடன் வருவான்னு பூட்டறவன பார்த்துகீறேன். உள்ள இருக்கறது போயிடும்னு பூட்டறவன இப்பதான் பார்க்கறேன்.”

எதிர் வீட்டில் ஷில்பா என்ற பெண் இருந்தாள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். முதலில் தயங்கினாள். சாந்தகுமாரி கதவைச் சாத்தியபின் சொன்னாள். அவன் வேலைக்குப் போகும்போது தாரணியை உள்ளே வைத்து வெளித் தாழ்ப்பாள் போடுவான். வந்து தூங்கும்போது திறந்துவிடுவான். அப்போது தாழ்வாரத்தில் அவள் வேலை செய்யவேண்டும், சத்தம் நிற்கக்கூடாது. நின்றால் எழுந்து வருவான். எழுந்து வந்தபின் கேட்கும் சத்தம் வேறு.

“சோறு கூட கைய ஆட்டிக்கிட்டே சாப்பிடுவா அக்கா. ஒரு தடவ சும்மனே ஒக்காந்துட்டா. அன்னிக்கு முழுக்க முகம் வீங்கிடிச்சு.”

அந்த வெள்ளிக்கிழமை ஷில்பாவும் ராத்திரி வேலை முடித்து வந்து கதவைச் சாத்திப் படுத்திருந்தாள். வளையல் சத்தம் பன்னிரண்டு மணி வரை கேட்டது என்று அவளும் சொன்னாள். அன்றைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு, புதிதாக யாரும் வரவில்லை, வெள்ளிக்கிழமை என்றால் பளெ தாத்தா வருவார், அவ்வளவுதான் என்றாள். கன்னடத்தில் பளெ என்றால் வளையல். பழைய மொபெட்டில் தோள்நிறையச் சரத்தோடு வருகிற கோவிந்தன். லைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் வளையல் போடுவார். தாரணிக்கும் அவர்தான் போட்டார்.

“எந்தப் பக்கம் இருக்காரு?”

“ஜோகுபாளையாம்மா.”

கிளெமென்ட் ஸ்கூட்டரை உதைத்தான். “என் ஏரியாவுலயே ஒரு கொலைகாரன். நான் இன்னாத்துக்கு முப்பது கிலோமீட்டர் வந்தேன்?” என்றான். ஆனால் சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

*

ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மாடிப்படி ஏறியதும் ஓர் அறை. கோவிந்தன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். கால் கட்டை விரலில் நூலை மாட்டி, வளையல் கோத்துக்கொண்டிருந்தார். கடைசி வளையல் விழுந்ததும் இடது கை மட்டும் நூலைச் சுற்றிச் சுருக்கியது. அதே முடிச்சு.

கிளெமென்ட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். சாந்தகுமாரி பச்சைச் சரத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் பயப்படவில்லை. சரத்தை எடுத்து, விரல்களால் தள்ளித் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்தபின் மூச்சு விட்டார்.

“எல்லாம் இருக்கு. உட்காருங்க தாயி.”

“இதக் கழட்டினது நீங்க.”

“ஆமா.”

“அப்போ அந்தக் கை செத்திருந்துச்சா?”

அவர் தன் கையை நீட்டி, கையக் குடுங்க என்றார்.

அவள் கொடுத்தாள். அவர் விரல்கள் கட்டை விரலடிச் சதையை அமுக்கின. சாந்தகுமாரிக்குத் தன் தோள் வரை இறுகுவது தெரிந்தது. விடவேண்டும் என்று நினைத்தாள், கை கேட்கவில்லை. அவர் சிரிக்காமல் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற கிளெமென்டைக் கூப்பிட்டார். கிளெமென்ட் முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். உங்க அப்பா பேர் என்ன, எந்தத் தெரு என்று பேச்சுக் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வளையல் அந்த முரட்டுக் கையில் ஏறி மணிக்கட்டில் நின்றது. அதே பேச்சோடு இறங்கியும் வந்தது. உடையவில்லை.

“செத்த கை மட்டுமில்ல தாயி. நம்பின கையும் இப்படித்தான் இருக்கும்” என்றார் கோவிந்தன். “அந்தப் பொண்ணு உசுரோடதான் இருக்கு.”

சாந்தகுமாரி சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு அப்போதுதான் கால் வலித்தது.

அவர் நிதானமாகச் சொன்னார். நாற்பது வருடம் அவர் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ஊர் ஊராக நடந்தவர். ஒரு ஊருக்குள் நுழைந்தால் சரத்தைக் குலுக்குவார், வீடுகளிலிருந்து பெண்கள் மோர்ச் செம்போடு வருவார்கள். கல்யாணமான பெண்ணின் கையை வெளி ஆம்பளை ஒருவன் தொடலாம் என்றால் அது வளையல்காரன் மட்டும்தான். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பெண்ணால் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். போன வருடம் ஏறிய அளவு இந்த வருடம் தொளதொளவென்று இருந்தால் அவளுக்குச் சோறு இல்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் அவள் பிறந்த ஊருக்குப் போகும்போது, அவள் அம்மா கையில் ஒரே ஒரு வளையலை வைத்துவிட்டு வருவார். மகளின் இப்போதைய அளவு. கல்யாணத்தன்று போட்ட வளையலோடு அம்மா அதை வைத்துப் பார்த்துக்கொள்வாள். பெரிதாக இருந்தால் நிம்மதி. சிறிதாக இருந்தால் ஆள் அனுப்புவார்கள். மூன்று தடவை சிறிதாகிப் போனால் அண்ணன் தம்பிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப்போய்விடுவார்கள். இது எந்த ஊரிலும் யாரும் பேசி வைத்த வழக்கமில்லை. எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த வழக்கம்.

“சீதாலட்சுமி கல்யாணத்துக்கு நான்தான் வளையல் போட்டேன். அவ மக கல்யாணத்துக்கும் நான்தான். ரெண்டே கால் அளவு. பூசினாப்பல கை. லைன் வீட்டுல மறுபடி பார்த்தப்ப எனக்கு அடையாளமே தெரியல.”

மூன்று தடவை சீதாலட்சுமியிடம் வளையல் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் சிறியது. கடைசி வளையல் ரெண்டு அளவு. அவள் அதை வாங்கி, சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, அண்ணன் வீட்ல எப்படிப் போய்க் கேக்கறது, பெரியப்பா என்று மட்டும் சொன்னாள். வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டிய தாய்மாமனே பையனின் அப்பா. யாரும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தாழ்வாரத்தில் தாரணி கையை நீட்டினாள். கழட்டிடுங்க தாத்தா, சத்தம் போடாம போகணும் என்றாள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற, கழற்றியதை நூலில் கோத்து மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். உள்ளே அவன் புரண்டு படுத்தான். வெறும் கையோடு அவள் தாழ்வாரத்தைத் தாண்டி நடந்தாள். பஸ் ஏறி, அடுத்த பஸ்ஸும் ஏறி, அவள் எட்டிப் போகும்வரை அவர் வாசற்படியில் உட்கார்ந்து இருபத்துநாலு வளையலையும் குலுக்கினார். பன்னிரண்டு மணிக்குச் சரத்தை அந்த வெளித் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போனார்.

“ரெண்டரை மணி நேரம். இன்னும் இந்தத் தோள் தூக்க வரல.”

“கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாமே” என்றான் கிளெமென்ட்.

“போட்டவ பொருள் தம்பி. நான் எப்படி எடுக்கறது? உடைக்கவும் கூடாது. அப்படியே போடவும் மனசு வரல, கோத்துதான் வெச்சேன்.” அவர் தலையை அசைத்தார். “தப்புதான்.”

எங்கே இருக்கிறாள் என்று கிளெமென்ட் கேட்க வாயெடுத்தான். சாந்தகுமாரி கையைத் தூக்கி நிறுத்தினாள். எனக்குத் தெரியவேண்டாம், யாருக்கும் சொல்லாதீர்கள் என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். மூன்று டம்ளர். கழுவி, கவிழ்த்து, தயாராக.

“கிளெமென்ட். நாம பொம்மசந்திரா வர்றோம்னு அவனுக்கு யார் சொன்னா?”

கிளெமென்ட் போனை வெளியே எடுத்தான். திரையில் ஜோகுபாளையத்துச் சந்தும் அதன் நடுவில் ஒரு நீலப் புள்ளியும் தெரிந்தன. அவன் முகம் மாறியது. இடம் அனுப்புவதை நிறுத்தினான். அதற்குள் கீழே ஆட்டோ நின்றது.

*

முதலில் ஏறி வந்தவன் ராஜேஷ்குமார். பின்னால் சீதாலட்சுமி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

அவன் இப்போதும் மரியாதையாகத்தான் பேசினான். “ரொம்ப தேங்க்ஸ் மேடம். அத்தைய உங்ககிட்ட அனுப்பினதே நான்தான். நான் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, பெத்தவ கேட்டா சொல்லுவாங்க.” பிறகு கோவிந்தனைப் பார்த்தான். “பெரியவரே, எங்க அவ?”

சீதாலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துதான் செய்தாளா, பயந்து செய்தாளா என்று சாந்தகுமாரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. தாரணி உயிரோடு இருக்கிறாள் என்று இந்த அறையில் ஒரு வார்த்தை வந்தால் போதும். இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் அவன் அவளைத் தேடிப் பிடித்துவிடுவான். அந்தத் தாழ்ப்பாளுக்கு மறுபடி எண்ணெய் போடுவான்.

“நான் இவர்கிட்ட வேற விஷயமா வந்தேன்” என்றாள் சாந்தகுமாரி. “இவர் நாப்பது வருஷம் வளையல் போட்டவர். ஐயா, ரெண்டு அளவு வளையல். இருபத்துநாலு. ஒண்ணுகூட உடையாம ஒருத்தர் கழட்டியிருக்காரு. கை எப்படி இருந்திருக்கணும்? மார்க்கெட்ல கேட்டுட்டேன். நீங்களும் சொல்லுங்க.”

கோவிந்தன் அவளையே பார்த்தார்.

“செத்த கை மாதிரி இருந்திருக்கணும்” என்றார்.

ராஜேஷ்குமார் ஏதோ சொல்ல வந்தான். சாந்தகுமாரி விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வளையல் சத்தம் மத்தியானம் வரை கேட்டது என்று அவனே சொல்லியிருக்கிறான். எதிர்வீட்டுப் பெண்ணும் கேட்டிருக்கிறாள். அதாவது மத்தியானம் வரை தாரணி அவன் வீட்டில்தான் இருந்தாள், அவனைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. கதவில் வெளித் தாழ்ப்பாள். முகம் வீங்கிய நாட்களுக்குச் சாட்சி. தாழ்ப்பாளில் தொங்கிய வளையலை முதலில் பார்த்தவனும் அவன்தான்.

“நான் தூங்கிட்டிருந்தேன்” என்றான் அவன்.

“அதத்தான் நானும் போலீஸ்ல சொல்லப்போறேன். இவ்வளவையும் சொல்லிட்டு, அவர் தூங்கிட்டிருந்தாராம்னு சொல்லுவேன்.”

“அவ உசுரோட இருக்கா. யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க.”

“இப்போ போலீஸ் பேப்பர்ல தானா போயிட்டாள்னு எழுதியிருக்காங்க. அந்த வார்த்தை உங்களுக்கு நல்லது. அத மாத்தி எழுதணும்னா, தேடுங்க. நானும் கூட வர்றேன். முதல்ல உங்க வீட்டுத் தரையிலேர்ந்து ஆரம்பிப்போம்.”

அவன் நெற்றியில் வேர்வை நின்றது. செய்யாத கொலையிலிருந்து அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் இனி அவன் கண்ணில் படப்போவதில்லை என்பது அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

சீதாலட்சுமி கதவோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தாள். சாந்தகுமாரி அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

கோவிந்தன் எழுந்தார். ஆணியில் தொங்கிய சரங்களில் ஒன்றை இடது கையால் சுண்டி அவிழ்த்தார். ஒரே ஒரு வளையலை உருவி, சீதாலட்சுமியின் உள்ளங்கையில் வைத்தார்.

“உன் பொண்ணுது” என்றார்.

அவள் வெறித்துப் பார்த்தாள். தரையில் கிடந்த பச்சைச் சரத்தை இழுத்து, அதன்மேல் புது வளையலை வைத்தாள். அது சரத்துக்குள் அடங்காமல் சுற்றிலும் வெளியே நின்றது. ரெண்டே கால்.

விரலால் அந்த இடைவெளியைத் தடவினாள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு தலைநிமிர்ந்து மருமகனைப் பார்த்தாள்.

“என் பொண்ணக் கொன்னுட்டியேடா” என்றாள்.

முதலில் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சந்து முழுக்கக் கேட்கும்படி, தலையில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். கீழ் வீட்டுக் கதவுகள் திறந்தன. படியில் ஆட்கள் ஏறி வந்தார்கள். அவன் அத்தை, அத்தை என்று விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். பித்தான் அறுந்து விழுந்தது. அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருப்பதைப் பார்த்ததும் கும்பலை விலக்கிக்கொண்டு இறங்கினான். ஆட்டோ பின்பக்கமாகவே சந்தைவிட்டு வெளியே போனது.

ஆட்டோவின் சத்தம் மெயின் ரோட்டில் கலக்கும்வரை அவள் அழுதாள். கிளெமென்ட் ஆட்களை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினான். அவள் நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“சாப்பிடறாளா, பெரியப்பா?”

கோவிந்தன் வளையலைக் காட்டினார்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. போனை எடுத்து கிளெமென்டிடம் கொடுத்தாள். அது மருமகன் வாங்கிக் கொடுத்தது, தனக்கு வேண்டாம் என்றாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், செய்யவேண்டிய வேலைகளை நினைத்துக்கொள்பவள்போல் பேசினாள்.

“ஊருக்குப் போனதும் காரியம் பண்ணிடணும். போட்டோவுக்கு மாலை போட்டு, பொரி எறச்சு, தலை முழுகணும். அண்ணன் வீட்ல எல்லாரும் வருவாங்க. நான் செஞ்சாத்தான் நம்புவாங்க.” சாந்தகுமாரி பக்கம் திரும்பினாள். “உசுரோட இருக்கற புள்ளைக்கு எள்ளு தெளிச்சா அதுக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?”

சாந்தகுமாரி ஆகாது என்றாள்.

கிளெமென்டிடமிருந்து ஏதாவது ஒரு வேடிக்கை வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் தன் வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீதாலட்சுமி பச்சைச் சரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டாள். அந்த ஒற்றை வளையலை முந்தானை நுனியில் வைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணாடிதான், ஆனால் படி இறங்கும்போது அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.